மாமனார் மாடல் குழாய்

குளியலறைச் சாமான் கடைக்காரருக்குத் தொண்டை போய்விட்டது என்றபோது முதலில் யாரும் நம்பவில்லை. கடையே அந்தத் தொண்டையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. குழாய், ஷவர், கெய்சர், கண்ணாடி, எல்போ, கப்ளிங் என்று தரையிலிருந்து கூரை வரைக்கும் அடைத்துவைத்திருந்த சாமான்களில் எது எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கல்லாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். "மூணாவது ராக்கு, கீழ்த்தட்டு, பச்சை டப்பாவுக்குப் பின்னாடி. அதுக்கும் பின்னாடிப்பா!" என்று குரல் மட்டும் போய் எடுத்துக்கொண்டு வரும்.

போனில் கேட்டாலும் அதே கதைதான். ஒரு வாஷர் இருக்கிறதா என்று கேட்டவருக்கு, வாஷர் ஏன் தேய்கிறது, தேயாமலிருக்கக் குழாயை எப்படி மூட வேண்டும், அந்தக் காலத்து வாஷருக்கும் இந்தக் காலத்து வாஷருக்கும் என்ன வித்தியாசம் என்பதுவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் இருக்கிறது என்பார். ஆள் இல்லாத நேரத்தில் மகளிடம் பேசுவார். மகள் உள்ளே போய்விட்டால் ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வார்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசற மாதிரிகூடப் பேசக் கூடாது" என்றாராம். மகள் டாக்டரைப் பாவமாகப் பார்த்தாளாம்.

அப்படித்தான் வெப்சைட்டம்மா அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தாள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கடைக்காரர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு பல் டாக்டர், ஒரு டிரைவிங் ஸ்கூல், பூந்தொட்டி விற்கிற ஒரு தம்பதி என்று நாலைந்து பேருடைய வெப்சைட்டுகளைத் தன் வீட்டு முன்னறையிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தாள். தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கொள்கைதான்: வெப்சைட்டுக்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், குடும்பத்துக்குள் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பூந்தொட்டித் தம்பதி சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு முகப்புப் பக்கம் கேட்டதிலிருந்து வந்த ஞானம் அது.

"எங்க வெப்சைட்ல ஒரு தேடற பெட்டி வேணும்" என்றாள் மகள். கடையின் பாதி வேலையைப் பார்ப்பவள் அவள்தான். "ஜனங்க அவங்களே தேடிப் பாத்துக்கட்டும். போன் வந்தா அப்பாவுக்கு வாய் துறுதுறுங்குது. நேத்து ஒருத்தர் ஷவர் கேட்டாரு, இவரு தாங்கமாட்டாம போனுக்குள்ள கையத் தட்டிக் காமிச்சாரு."

கல்லாவிலிருந்த கடைக்காரர் கைப்பேசியில் ஏதோ தட்டினார். அதிலிருந்து இழைந்து இழைந்து ஒரு பெண்குரல் வந்தது: "வணக்கம். தாங்கள் தண்ணீர் அருந்துகிறீர்களா?"

வெப்சைட்டம்மா திரும்பிப் பார்த்தாள். வேறு பெண் யாரும் இல்லை.

"அது அப்பாதான்" என்றாள் மகள். "டைப் அடிச்சா அது வாசிக்கும். பேச்சுத் தமிழ்ல அடிச்சா அந்தப் பொண்ணுக்கு நாக்கு சுத்திக்குது. அதான் இவரு இலக்கணமா மாறிட்டாரு."

வெப்சைட்டை முதலில் கட்டியது மாப்பிள்ளை. அதாவது மகளின் கணவர். மாடியிலேயே குடியிருந்தார், வேறொரு ஆபீஸில் வேலை. கல்யாணமான புதிதில், மாமனாருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து கட்டியதாம். அதன் உச்சியில் ஏற்கெனவே ஒரு தேடல் பெட்டி இருந்தது. என்ன எழுதி அழுத்தினாலும் அது அசையாது. அழகுக்கு வைத்த ஜன்னல் மாதிரி. மாப்பிள்ளை கடவுச்சொல்லைக் கொடுக்கும்போது, "பழசு எதையும் கலைக்க வேண்டாம். பெட்டிய மட்டும் வேலை செய்ய வெச்சிடுங்க, போதும்" என்றார். அமைதியான மனிதர். பேசி முடித்த பிறகும், யாராவது குறுக்கே பேசுவார்களோ என்று ஒரு கணம் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

தேடல் கருவியை அவளே எழுத வேண்டியதில்லை. அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. கணக்குத் தொடங்கி, அவர்கள் கொடுக்கும் நாலு வரியைக் கொண்டுவந்து நம் பக்கத்தில் ஒட்டிவிட்டால், அவர்களுடைய இயந்திரம் வந்து தளத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து வைத்துக்கொள்ளும். அது எதையும் விட்டுவிடக் கூடாது என்று, தளத்திலுள்ள அத்தனை பக்கங்களின் முகவரிகளையும் வெப்சைட்டம்மா மொத்தமாக அள்ளி அதனிடம் கொடுத்தாள். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. குழாய்க் கடையில் குழாயைத் தவிர வேறென்ன இருந்துவிடப் போகிறது?

கஷ்டமெல்லாம் வார்த்தையில்தான் இருந்தது. கடையில் அரை நாள் உட்கார்ந்து, வருகிறவர்கள் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். ஒருவர் டேப் என்றால் குழாய். இன்னொருவர் டேப் என்றால் மரையில் சுற்றுகிற வெள்ளை நாடா. ஒரு அம்மா, "அதாங்க, சுவத்துல இருக்கும், திருகினா ஒண்ணும் வராது, அந்தச் சாமான்" என்றார். கடைக்காரர் அதற்கும் சட்டென்று எழுந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவும் அதேதான் என்று வாங்கிக்கொண்டு போனார். இந்த அறிவை எந்தக் கம்பெனியின் கருவிக்கும் ஊட்ட முடியாது என்று வெப்சைட்டம்மாவுக்குப் புரிந்தது. முடிந்ததை ஊட்டினாள். பைப்பு என்றாலும் குழாய் என்றாலும் ஒன்றுதான், லீக், ஒழுகுது, சொட்டுது எல்லாம் ஒரே வியாதிதான் என்று கற்றுக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து சோதித்தபோது எல்லாம் கச்சிதமாக வந்தது. கருவி அப்போது பாதிப் பக்கங்களைத்தான் படித்திருந்தது. மீதியைச் சனி, ஞாயிறில் சாவகாசமாகப் படித்து முடித்தது.

திங்கட்கிழமை காலையில் கடையில் எல்லோருக்கும் காட்டினாள். கல்லாமேல் மடிக்கணினி. சுற்றிலும் கடைக்காரர், மகள், சாமான் வாங்க வந்த இரண்டு பிளம்பர்கள்.

"நீங்களே ஏதாவது தேடிப் பாருங்க, சார்."

கடைக்காரர் ஒரு விரலால் நிதானமாகத் தட்டினார். 'சொட்டுது'.

பெட்டி அழகாகச் சுழன்றது. முதல் முடிவாக வந்து நின்றது இது: *மாமனார் மாடல் குழாய். எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். விடிய விடிய அறிவுரை. வாஷர் மாற்றிப் பயனில்லை.*

மூத்த பிளம்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, "இது எந்தக் கம்பெனி?" என்றார். இளைய பிளம்பர் இருமுகிறவர்போல வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

மகள் மடிக்கணினியை மூடக் கை நீட்டினாள். கடைக்காரர் அந்தக் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, பெட்டியில் இன்னொரு சொல்லை அடித்தார். 'மாமனார்'.

வரிசையாக வந்து விழுந்தன.

*மாமனார் எக்ஸாஸ்ட் ஃபேன். இது ஓடும்போது வீட்டில் வேறு யார் பேசினாலும் கேட்காது.*

*மாமனார் கெய்சர். நொடியில் கொதிக்கும். ஆறுவதற்கு இரண்டு நாள்.*

*மாமனார் கண்ணாடி. முன்னால் யார் நின்றாலும் மாமனாரே தெரிவார்.*

ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, நிறம் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. கண்ணாடிக்கு இரண்டு வருட உத்தரவாதம் வேறு. கடைக்காரர் ஒன்றுவிடாமல் திறந்து படித்தார். அவருடைய காது மடல்கள் மட்டும் சிவந்துகொண்டே போயின. பிறகு கைப்பேசியை எடுத்துத் தட்டினார். தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் திரையே உடைந்துவிடும் போலிருந்தது. ஆனால் வெளியே வந்தது தேன் தடவிய அதே குரல்தான்:

"மாப்பிள்ளை எங்கே இருக்கிறார்?"

"ஆபீஸ்ல இருக்காருப்பா" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லது. மாலையில் வரட்டும்" என்றது குரல், விருந்துக்கு அழைக்கிற மாதிரி.

வெப்சைட்டம்மா தெருவுக்கு வந்து, கடைக்குக் கேட்காத தூரத்தில் நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பழைய பக்கங்க... மாமனார் மாடல்..."

"எந்தப் பக்கம்?" என்றார். அப்புறம், "ஐயையோ" என்றார். "அதுக்கு எங்கேருந்துமே இணைப்புக் கிடையாதே! அது எப்படி வெளிய வந்துச்சு?"

"நான்தான் சார் எல்லா முகவரியையும் குடுத்துட்டேன். தப்பு என் மேலதான்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அவரால சொல்ல முடியாதே."

"அதுதான் பயமா இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

வீட்டுக்குப் போன கையோடு, அந்தப் பக்கங்களைக் காட்டாதே என்று கருவியிடம் சொல்லிவைத்தாள். ஒரு நிமிட வேலை. நிம்மதியாக ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, கடையிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பொத்தானை அழுத்தினாள். அந்தப் பெண்தான் பேசினாள்:

"தேடிப் பார்த்தேன். என்னைக் காணவில்லை. உடனடியாகத் திருப்பி வைக்கவும்."

வெப்சைட்டம்மா காபியைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை மறைக்கச் சொல்வார், மாமனார் காட்டச் சொல்வார், நடுவில் அவள் நின்றுகொண்டு பொத்தானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்துவதா? எதற்காகக் கொள்கை என்று ஒன்றை வைத்திருந்தாள்? ஆனால் கடை அவருடையது, வெப்சைட்டும் அவருடையது. பக்கங்களைத் திருப்பி வைத்தாள்.

அன்று மாலை மாப்பிள்ளை கடைப் பக்கமே வரவில்லை. பின்பக்கப் படிக்கட்டு வழியாக மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார் என்று மறுநாள் மகள் சொன்னாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாளா என்றால் இல்லை. "அப்பா உங்கள வரச் சொல்றாரு. புதுசா சில பக்கம் போடணுமாம்."

கடைக்காரர் தன் கைப்பேசியை நீட்டினார். சின்னச் சின்னதாக நிறைய எழுதி வைத்திருந்தார்.

*மாப்பிள்ளை ஷவர். பார்ப்பதற்கு மிக அழகு. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு முன் தண்ணீர் வராது.*

*மாப்பிள்ளை ஃபிளஷ். ஒரு முறை அழுத்தினால் கேட்காது.*

வெப்சைட்டம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மகளால் அடக்க முடியவில்லை. "பத்து மணி இல்லப்பா, பத்தரை" என்று திருத்தம் சொன்னாள். கடைக்காரர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்ததைப் பார் என்று விரலால் தள்ளினார்.

*மாப்பிள்ளை வாஷ்பேசின். எதைக் கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும். எதிர்த்து ஒரு சத்தம் வராது. அதனால் அடைத்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் எல்லாம் சேர்ந்து மேலே வரும்.*

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரரும் கைப்பேசியைத் திரும்ப வாங்கி, அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். அப்புறம் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரைக் கூப்பிட்டு விடட்டுமாப்பா?" என்றாள் மகள். "இன்னிக்கு லீவு போட்டுட்டுப் படுத்திருக்காரு."

மாப்பிள்ளை இறங்கி வந்தார். தலை வாரியிருந்தார், நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர் மாதிரி சட்டையை உள்ளே விட்டிருந்தார். வெப்சைட்டம்மா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தாள். "நீங்க இருங்க. இருந்தா ரெண்டு பேரும் கொஞ்சம் மட்டுமரியாதையா பேசுவாங்க" என்று மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"மாமா, மன்னிச்சிடுங்க" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

கடைக்காரர் தட்டத் தொடங்கினார். மாப்பிள்ளை வழக்கம்போல நிறுத்திக் காத்திருந்தார். கடைக்காரர் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு எழுத்து தப்பிப் போனதால் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். அந்த இடைவெளி, தான் பேசுவதற்குக் கிடைத்த நேரம் என்று மாப்பிள்ளைக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"அது வந்து மாமா, இந்த வெப்சைட்டக் கட்டி முடிச்சிட்டு உங்ககிட்ட காட்ட வந்தேன். தேடற பெட்டி வேலை செய்யணும்னா இன்னும் கொஞ்சம் செய்யணும்னு சொன்னேன். 'எங்கிட்ட கேட்டா நான் சொல்லப் போறேன், இதுல போய் எவன் தேடப் போறான்'னு சொல்லிட்டு நீங்க ஒரு பக்கம்கூடத் திறக்கல. மறுநாள் கேட்டேன், அப்பவும் திறக்கல. எனக்கு ரோஷமாயிடுச்சு. அதான் அந்தக் குழாயப் போட்டேன். யாராவது பாத்துட்டு வந்து சொல்லுவாங்க, நீங்க திட்டுவீங்கன்னு போட்டேன் மாமா. ஒருத்தரும் திட்டல. அப்புறம் ஃபேன் போட்டேன். கண்ணாடி போட்டேன். ஒவ்வொரு நாளும் ஆபீஸ் விட்டு வரும்போது, இன்னிக்குப் பாத்திருப்பாரு, இன்னிக்கு நல்லா வாங்கப் போறேன்னு வருவேன். யாருமே பாக்கல. அப்புறம் இணைப்பெல்லாம் எடுத்துட்டு, நானே மறந்துட்டேன்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வழக்கம்போல ஒரு கணம் காத்திருந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் முன்னால் அவர் ஒரு பேச்சை முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மகள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீயும் திறந்து பாக்கலியே."

மகள் கல்லாமேல் கிடந்த வாஷர் ஒன்றை எடுத்து உருட்டினாள்.

கடைக்காரர் அதுவரை தட்டியதையெல்லாம் மொத்தமாக அழித்தார். என்ன எழுதியிருந்தாரோ, யாருக்கும் தெரியவில்லை. மறுபடியும் தட்டினார், இந்தத் தடவை நிதானமாக. மேலே பார்த்து யோசித்தார், தட்டினார். எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் குரல் வந்தது.

"குழாய் சரி. கெய்சர் மிகவும் சரி. கண்ணாடி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் அன்றே பார்த்திருக்க வேண்டும்."

இழைந்து இழைந்து அந்தப் பெண் அதைச் சொன்னபோது மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதைத் துடைப்பது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஃபேன் பக்கத்தைத் திறந்து, பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினார். மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஃபேனின் அளவு தப்பாகப் போட்டிருக்கிறது என்று கடைக்காரர் கையாலேயே விளக்கினார். ஆமாம் மாமா, அதைக் கவனிக்கவில்லை என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேருமாக அதைத் திருத்தினார்கள்.

அந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. மாப்பிள்ளை மாடல்களும் ஏறின. வெப்சைட்டம்மா, அவை விற்பனைக்கு அல்ல என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? அந்த வாரமே ஒரு பெண் கடைக்கு வந்து, "மாமனார் குழாய் எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அதை அடைக்கிறதுக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூத்த பிளம்பர் தன் பங்குக்கு, 'பெரியப்பா செப்டிக் டேங்க்' என்று ஒன்று போட முடியுமா, விவரம் எல்லாம் தானே சொல்வதாகக் கேட்டார். அதற்கு மட்டும் வெப்சைட்டம்மா முடியவே முடியாது என்றுவிட்டாள்.

தேடல் பெட்டியும் தன் வேலையைச் செய்தது. போன் குறைந்தது. மாப்பிள்ளை மாலையில் மாடிக்குப் போகுமுன் கடையில் ஒரு அரைமணி உட்காரத் தொடங்கினார். ஒருவர் தட்ட, இன்னொருவர் பேச, விட்டுப்போன சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெப்சைட்டில் ஏற்றினார்கள். சில நாள் சண்டையும் வந்தது. அந்தப் பெண்குரல், "தாங்கள் ஒரு பிடிவாதக்காரர்" என்று கனிவாகச் சொல்வது தெரு வரைக்கும் கேட்கும்.

டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய வாரத்தில் வெப்சைட்டம்மா ஒரு சின்னத் திருத்தத்துக்காகக் கடைக்கு வந்திருந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் கல்லாவில் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் அவளைக் கண்ஜாடையால் ராக்குகளுக்கு இடையில் கூப்பிட்டாள்.

"எனக்கும் ஒரு பக்கம் போடணும். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

வெப்சைட்டம்மா தன் கொள்கையை நினைத்துப் பார்த்தாள். அது எந்த ராக்கில், எந்த டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறதோ! அங்கேயே நின்றபடி மடிக்கணினியை ஒரு கெய்சர் பெட்டிமேல் வைத்துத் திறந்தாள்.

"மகள் மாடல் டீ" என்றாள் மகள். குடிக்கிற டீ அல்ல, குழாய்களை இணைக்கிற மூன்று வாய்த் துண்டு. "ஒரு பக்கம் பெரிய பைப்பு, இன்னொரு பக்கம் சின்ன பைப்பு, ரெண்டும் நடுவுல இதுலதான் வந்து இடிக்கும். ரெண்டு பக்க அழுத்தத்தையும் தாங்கும். கசியாது." கொஞ்சம் யோசித்தாள். "கசியறது வெளிய தெரியாதுன்னு போடுங்க."

வெப்சைட்டம்மா அப்படியே அடித்தாள். ஏற்றினாள். கல்லாவின் பக்கம் எட்டிப் பார்த்து, "சார், 'டீ'ன்னு ஒண்ணு தேடிப் பாருங்களேன்" என்றாள்.

கடைக்காரர் தேடினார். இரண்டு பேரும் படித்தார்கள். மாப்பிள்ளை ஒரு தடவை மாமனாரைப் பார்த்தார். மாமனாரின் விரல் கைப்பேசிமேல் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். "அரை இஞ்சு டீ ஒண்ணு வேணும், அவசரம்."

மகள் ராக்குகளுக்கு இடையிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே, "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எழுந்து எடுத்துக் குடுங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கல்லாவுக்கும் ராக்குக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம்தான். அதில் மாமனாரின் தோளும் மாப்பிள்ளையின் தோளும் இறுகச் சிக்கிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே குனிந்து டப்பாக்களைத் துழாவத் தொடங்கினார்.